முழங்காலளவு தண்ணீர்தானே என்று ஆற்றில் இறங்குவோர் செய்யும் தவறுகள்

கோலாலம்பூரிலிருந்து வார இறுதியில் உலு சிலாங்கூரின் சிலிங் அருவிக்குச் செல்வோர், வழியில் சிலிங் ஆற்றைப் பல முறை நடந்தே கடக்க வேண்டியிருக்கும். அவர்களில் பலர் தண்ணீரின் ஆழத்தை மட்டும் கண்ணால் அளந்துவிட்டு இறங்குகிறார்கள். நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால், அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. எனவே இடுப்பளவு தேங்கிய நீரில் நிலையாக நிற்பவரைக்கூட, முழங்காலளவே பாயும் நீர் சாய்த்துவிடக்கூடும்.

ஆறு குறுகிய இடத்தில் நான்கே எட்டில் அக்கரை சேரலாம் என்று நினைப்பதும் தவறுதான். அத்தனை தண்ணீரும் அந்த இடுக்கு வழியாகவே போயாக வேண்டியிருப்பதால், அங்கே ஆழமோ வேகமோ கூடியே இருக்கும். ஆறு அகன்று, கூழாங்கற்கள்மேல் பரவி ஓடும் இடமே கடப்பதற்கு ஏற்றது. அங்கும் கீழ்ப்புறத்தில் சாய்ந்த மரமோ மடுவோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், கால் தவறினால் நாம் போய்ச் சேரும் இடம் அதுதான்.

காலணி நனையுமே என்று கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வோர், பாசிக் கல்லில் வெறுங்காலை வைப்பதோடு, ஊன்றுகோல் பிடிக்க வேண்டிய கையையும் இழக்கிறார்கள். (நனைந்த காலணி மறுநாள் காய்ந்துவிடும்.) முதுகுப்பையின் இடுப்புவாரை அவிழ்த்துவிட்டு, நீர் வரும் திசையை நோக்கி நின்று, கோலை முன்னே ஊன்றி, கால்களைக் குறுக்கே பின்னாமல் பக்கவாட்டில் மெல்ல நகர வேண்டும். விழுந்துவிட்டால், ஓடும் நீரில் உடனே எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறையிடுக்கில் பாதம் சிக்கினால் வெள்ளம் உடலை முன்னே அழுத்திவிடும். மல்லாந்து, கால்களைக் கீழ்த்திசைக்கு நீட்டி, வேகம் குறையும்வரை மிதப்பதே நல்லது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, காலையில் கடந்த ஆறு மாலையிலும் அப்படியே இருக்கும் என்று நம்புவது. நம் தலைக்குமேல் வெயில் காயும்போதே மலையுச்சியில் மழை கொட்டியிருக்கலாம். அந்த நீர் திடீரெனத் திரண்டு இறங்குவதைத்தான் இங்கே ‘கெபாலா ஆயர்’ என்கிறார்கள். தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், ஓசை கனப்பதும் அதற்கான அறிகுறிகள். அவற்றுள் ஒன்றைக் கண்டாலும் நீரைவிட்டு விலகி மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். போகும்போதே நீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்துவிட்டுச் செல்லலாம். திரும்பும்போது அது மூழ்கியிருந்தால், எதிர்க்கரையில் நம் கார் கண்ணுக்குத் தெரிந்தாலும், நீர் வடியும்வரை இக்கரையிலேயே காத்திருக்க வேண்டும்.