பிரசவ மையம் பார்க்கப் போனால் ஃபிரிட்ஜையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்

பிரசவ மையத்துக்குள் போனதும் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி, மங்கலான விளக்கு, வீட்டுக் கட்டில் மாதிரி ஒரு கட்டில், இதெல்லாம்தான் கண்ணில் படும். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் மயங்கி முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில் உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். அங்கே பிரசவம் பார்ப்பவர்கள் பயிற்சி பெற்ற மிட்வைஃப்கள், அதாவது மருத்துவச்சிகள். சிசேரியன், எபிட்யூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி) எல்லாம் கிடையாது. இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை, ஏறிய பி.பி., நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, 37 வாரத்துக்கு முன்பே வலி, இதில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். 'யார் வந்தாலும் பார்ப்போம்' என்று சொல்கிற மையமா, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சரி, பொருந்துகிறது. குழந்தை பிறந்து மூச்சு விடாவிட்டால் காற்று கொடுக்கிற பையும் மாஸ்க்கும் எங்கே என்று கேளுங்கள், கையில் எடுத்தே காட்டட்டும். பச்சைக் குழந்தை முகத்துக்கு ஏற்ற சின்ன மாஸ்க்தானா, ஆக்ஸிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உதிரப்போக்கை நிறுத்தப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. அதை மேஜை டிராயரிலிருந்து எடுத்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

அப்புறம்தான் பெரிய கேள்வி: பாதியில் ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டி வந்தால்? இது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 2011இல் வெளிவந்த பெரிய ஆய்வில், இந்த மாதிரி மையங்களைத் தேர்ந்தெடுத்த தலைப்பிரசவக்காரர்களில் 100க்கு 36 முதல் 40 பேர் வரை மாற்றப்பட்டார்கள். முன்பே பெற்றவர்களில் 9 முதல் 13 பேர்தான். பலருக்கும் காரணம் உயிராபத்து இல்லை, வலி எடுத்தும் பிரசவம் முன்னேறாமல் நிற்பது, இல்லையென்றால் எபிட்யூரல் வேண்டும் என்று அம்மாவே கேட்பது. ஆகவே எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நிமிடம், ராத்திரி 2 மணிக்கு ஆம்புலன்ஸை யார் கூப்பிடுவார்கள், மிட்வைஃப் கூடவே வருவாரா, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நெரிசல் நேரத்தில் ஒருமுறை அந்த வழியில் நீங்களே போய்ப் பாருங்கள். துணிமணிப் பையையும் ஆஸ்பத்திரிக்குச் சேர்த்தே கட்டுங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்று ராத்திரி யாருக்குப் போன் செய்வது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால் போனில் பேசிக்கொண்டு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.