வீட்டிலேயே உருக்கெண்ணெய்: ஐந்து தேங்காயில் தொடங்கலாம்

ஆனி, ஆடியில் மொட்டைமாடியில் தேங்காயைக் காயப்போட்டுக் கொப்பரை ஆக்கிவிடலாம் என்று குமரி மாவட்டத்தில் யாரும் நம்பமாட்டார்கள். தென்மேற்கு மழை ஓய்ந்து நிமிர்வதற்குள் வடகிழக்கு மழை வந்துவிடும். சேர்ந்தாற்போல நாலு நாள் வெயில் கிடைக்காமல் காயில் பூசணம் பிடிக்கும். அதனால்தானோ என்னவோ, வெயிலும் செக்கும் இல்லாமல் தேங்காய்ப்பாலைக் காய்ச்சியே எண்ணெய் எடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. உருக்கெண்ணெய் என்பார்கள், வெந்த எண்ணெய் என்றும் சொல்வதுண்டு. பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் தேடுவது இதைத்தான்.

கடையில் வாங்கலாமே என்றால், வாங்கலாம். ஆனால் விலை கூடுதல், எப்போது காய்ச்சியது என்பதும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கினால் வீட்டிலேயே செய்துவிடலாம். முந்தைய நாள் சாயங்காலமே பால் எடுத்து வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

1. காய் தேர்வு

நன்றாக விளைந்த ஐந்து நெற்றுக் காய் போதும். குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். இளங்காயில் ஈரம் அதிகம், எண்ணெய் குறைவு. எங்கள் மாவட்டத்து ஈத்தாமொழி நெட்டை ரகம் கிடைத்தால் விடாதீர்கள். புவிசார் குறியீடு வாங்கிய காய் அது, பருப்பு தடிமனாக இருக்கும். உடைத்ததும் ஒவ்வொன்றையும் முகர்ந்து பாருங்கள். ஒரு காய் அழுகல் என்றாலும் மொத்த எண்ணெயிலும் அந்த வாடை ஏறிவிடும்.

ஐந்து பெரிய காயில் கால் லிட்டருக்கு மேல், கையும் காயும் ஒத்துழைத்தால் 350 மில்லி வரை கிடைக்கும். முதல் தடவையே இருபது காயை உடைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். துருவியே கை ஓய்ந்துவிடும்.

2. பால் எடுப்பது

சிரட்டையை ஒட்டிய பழுப்புத் தோல் சேராமல் துருவுங்கள். சேர்ந்தால் கெடுதல் ஒன்றுமில்லை, எண்ணெயின் நிறம்தான் மங்கும். கை பொறுக்கும் சூட்டில் அரை லிட்டர் தண்ணீர் எடுத்து, துருவலில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மிக்சியில் ஓட்டி, துணியில் கட்டிப் பிழியுங்கள். அதே சக்கையில் இன்னொரு அரை லிட்டர் விட்டு இரண்டாம் பாலும் எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம்.

3. ஆறப்போடுவது

பாலை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மூடி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளைக் கட்டியாக ஆடை உறைந்திருக்கும், அடியில் தண்ணீர் நிற்கும். ஆடையை மட்டும் கரண்டியால் வழித்தெடுங்கள். இப்படிச் செய்யாமல் பாலை அப்படியே அடுப்பில் ஏற்றுகிறவர்களும் உண்டு. எண்ணெய் வரும், ஆனால் அந்தத் தண்ணீரெல்லாம் வற்றும்வரை நின்று கிண்ட வேண்டும். கேஸ் விற்கும் விலைக்கு இது வீண்.

4. காய்ச்சுவது

அடிகனமான இரும்புச் சட்டியோ வெண்கல உருளியோ நல்லது. மெல்லிய அலுமினியச் சட்டியில் அடிப்பிடிக்கும். ஆடையைப் போட்டு, நடுத்தரத் தீயில் கொதி வரும்வரை மரக்கரண்டியால் கிண்டுங்கள். கொதித்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள்.

முதல் கால் மணி நேரம் எண்ணெய் என்று ஒன்றும் கண்ணில் படாது. பயப்பட வேண்டாம். தேங்காய்ப்பாலில் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத பொடித்துளிகளாக மிதக்கிறது, ஒவ்வொரு துளியையும் புரதம் ஓர் உறைபோல மூடியிருக்கிறது. சூடு ஏற ஏறப் புரதம் திரிந்து உறை உடைந்தால்தான் துளிகள் ஒன்றோடொன்று சேரும். பால் திரிந்து தயிர் உடைந்த மாதிரி ஆகும்போது சரியான வழியில்தான் போகிறீர்கள். அப்புறம் சட்டியின் ஓரத்தில் தெளிவாக எண்ணெய் கசியத் தொடங்கும். நடுவில் திரிந்த வெள்ளைக் கசடு சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும்.

இதிலிருந்து அடுப்பை விட்டு நகரக்கூடாது. போன் வந்தாலும் எடுக்காதீர்கள். கண்ணைவிடக் காதுக்குத்தான் இப்போது வேலை. கசடில் ஈரம் இருக்கும்வரை சடசடவென்று பொரியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, நுரை அடங்கி, வெள்ளைக் கசடு இளம் பொன்னிறம் ஆகும். அந்த இடத்தில் அடுப்பை அணையுங்கள். சட்டியின் சூட்டிலேயே அது இன்னும் ஒரு சுற்று சிவக்கும். கசடு நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் எண்ணெய் கருகல் வாசனை அடிக்கும். அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கினால் ஈரம் தங்கி, சீக்கிரம் காறிப்போகும். ஐந்து காய்க்கு மொத்தம் ஒரு மணி நேரம், முன்னே பின்னே ஆகலாம்.

சிலர் இதிலேயே துளசி, சீரகம், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), தெச்சிப்பூ (வெட்சி) எல்லாம் போடுவார்கள். முதல் தடவை வேண்டாம் என்பேன். இலையும் பூவும் தண்ணீரைக் கொண்டுவரும், பக்குவம் தெரியாமல் போகும். வெறும் எண்ணெய் கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

5. வடிகட்டுவது

வெதுவெதுப்பாக ஆறியதும் காய்ந்த பருத்தித் துணியில் வடியுங்கள். ஒரு கரண்டி எண்ணெயைத் தனியாகச் சூடாக்கிப் பாருங்கள். பொரிந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி சிறு தீயில் வைத்து எடுங்கள். கழுவி வெயிலில் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒருநாள் அசையாமல் வைத்தால் மிச்சத் தூள் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை வேறு பாட்டிலுக்கு மாற்றிவிடலாம். துணியில் தங்கிய கசடைக் கருப்பட்டி பொடித்துப்போட்டுப் பிசைந்தால் பாட்டிலில் ஊற்றி முடிப்பதற்குள் பிள்ளைகள் தின்று தீர்த்துவிடுவார்கள்.

எதற்குப் பயன்படும், எதற்கு வேண்டாம்

குளித்து முடித்து, உடம்பில் லேசாக ஈரம் இருக்கும்போதே கை கால்களில் தடவினால் வறட்சிக்கு நன்றாகக் கேட்கும். தலைமுடிக்கும் நல்லது. தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆட்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பொடுகு அதிகம் உள்ளவர்களும் முகப்பரு வருகிறவர்களும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எண்ணெய் கூடினால் தொல்லையும் கூடலாம்.

குழந்தைக்குத் தேய்ப்பதாக இருந்தால் முதலில் அதன் கையில் ஓரிடத்தில் தடவி ஒருநாள் பாருங்கள். மூக்கிலும் காதிலும் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், பாட்டி எவ்வளவு சொன்னாலும் சரி. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே அழற்சி வரும். தீக்காயத்திலும் இதைத் தடவக்கூடாது. ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தினமும் காலையில் இரண்டு கரண்டி குடித்தால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். தேங்காய் எண்ணெயில் 100-க்கு 90 பங்கு வரை நிறைவுற்ற கொழுப்பு. அவியலுக்குக் கடைசியில் ஒரு கரண்டி விடுவது வேறு, மருந்தாகக் குடிப்பது வேறு. கொலஸ்டிரால், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் சமையலுக்கும் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது. தோல் நோய்க்கு மருந்தெண்ணெய் வேண்டும் என்றால் நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே காட்டிக் கேளுங்கள், நாமே இலைகளைப் போட்டுக் காய்ச்ச வேண்டாம்.

வைப்பது

வெயில் படாத அலமாரியில், இறுக மூடி வையுங்கள். ஈரக் கையோ ஈரக் கரண்டியோ படக்கூடாது. ஈரமில்லாமல் எடுத்த எண்ணெய் மாதக்கணக்கில் கெடாது. 24 டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளையாக உறையும், மார்கழி விடியலில் அப்படிக் கண்டால் கலப்படம் என்று நினைக்காதீர்கள். பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் இளகிவிடும். காறல் வாடை வந்துவிட்டதா, உடம்புக்கும் சமையலுக்கும் ஆகாது. விளக்குக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.