ஆல்ட் எழுத்து வேற, ஷார்ட்கட் கீ வேறங்க

திருப்பூர்ல எங்க ஆபீஸ்ல நடந்தத மொதல்ல சொல்லிடறனுங்க. பேக்கிங் லிஸ்ட் போடற பொண்ணு, புதுசா சேந்ததெல்லாம் இல்ல, நாலு வருசமா அதே பில்லிங் சாஃப்ட்வேர்ல வேலை பாக்குது, சேவ் பண்ண ஆல்ட் அமுத்தி எஃப், அப்பறம் எஸ், கை தன்னால போவும். அந்த வாரம் சாஃப்ட்வேர அப்டேட் பண்ணி ஃபைல் மெனுல சென்ட்னு, அதாவது அனுப்பறதுக்கு, ஒரு ஐட்டம் சேத்திருந்தாங்க, சேவுக்கு இருக்கற மாதிரியே அதுக்கும் எஸ்ல அடிக்கோடு, அந்த எழுத்த அமுத்தினா அந்த ஐட்டம்னு அர்த்தம். ஒரே மெனுல ரெண்டுக்கு ஒரே எழுத்து இருந்தா விண்டோஸ் எதையும் செய்யாதுங்க, அமுத்த அமுத்த ஒன்னுல இருந்து இன்னொன்னுக்கு நகந்து நிக்கும், அவ்வளவுதான். பொண்ணு எஸ் அமுத்திட்டு மவுஸ்ல அடுத்த வரிக்கு போயிருச்சு, மெனு மூடிக்கிச்சு, சேவ் ஆகவே இல்ல. சாயங்காலம் கரண்ட் போச்சு, யுபிஎஸ் பேட்டரியும் தாங்கல, 112 கார்ட்டன் என்ட்ரி பூரா போச்சு. ராத்திரியே தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கெளம்பணும். "நான் ஷார்ட்கட் கரெக்டா தானுங்ணா போட்டேன்"னு அழுகாத கொறையா சொல்லுச்சு. அது நாலு வருசமா போட்டது ஷார்ட்கட்டே கெடையாது, அத யாரும் அதுக்கு சொல்லி குடுக்கல.

ஆல்ட் அமுத்தினா மெனுல எழுத்துக்கு கீழ அடிக்கோடு தெரியுமுங்க, அத ஆக்சஸ் கீங்கறாங்க, புரோகிராம் எழுதறவங்க நிமோனிக்ம்பாங்க. விண்டோஸ் 2000ல இருந்து ஆல்ட் அமுத்துற வரைக்கும் அந்த கோட்ட மறைச்சே வெச்சிருக்கறதால நெறைய பேரு அத பாத்ததே இல்ல. அது மெனு வழியா நடந்து போறது, மெனுவ தொறக்கற, உள்ள போற, ஐட்டத்த எடுக்கற. ஷார்ட்கட்டுங்கறது கன்ட்ரோல் எஸ் மாதிரிங்க, அது மெனு பக்கமே போவாது, நேரா வேலைய முடிச்சுரும், மெனுல அந்த ஐட்டத்துக்கு வலது பக்கம் எழுதியிருக்கறது அதான். இதுல பேரு வேற கொழப்பும். விண்டோஸ் கோடிங்ல ஆக்சிலரேட்டர்னா கன்ட்ரோல் எஸ் மாதிரி சமாச்சாரம், ஆனா சில பேரு அடிக்கோட்டு எழுத்தயே ஆக்சிலரேட்டர்னு சொல்லி குடுத்துடறாங்க, ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய வெச்சு வேற வேற விசயம் பேசிட்டு இருப்பாங்க.

நான் அதிகமா பாக்கற தப்பு, ரெண்டையும் ஒரே மாதிரி அமுத்தறதுதானுங்க. கன்ட்ரோல் எஸ் ஒட்டுக்கா அமுத்தணும். ஆல்ட், எஃப், எஸ் ஒன்னுக்கப்பறம் ஒன்னு. கன்ட்ரோல விட்டுட்டு எஸ் அமுத்தினா ஃபைல்ல எஸ்னு எழுத்து விழும், அப்ப பூரா செலக்ட் ஆகி இருந்துச்சுன்னா அடிச்சது அத்தனையும் போயி ஒத்த எஸ் மட்டும் நிக்கும், பதறாம கன்ட்ரோல் இசட் போடுங்க, வந்துரும். இன்னொன்னு, ஆல்ட் தெரியாம கை பட்டாலே மெனு முழிச்சுக்கும், அதுக்கப்பறம் நீங்க அடிக்கறதெல்லாம் மெனுவுக்குத்தான் போவும். கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு கடைக்கு தூக்கிட்டு போனவங்கள பாத்திருக்கறேன். எஸ்கேப் ஒன்னு ரெண்டு தடவ அமுத்துனா போதுமுங்க.

ஆல்ட் இருந்தாலே மெனுதான்னு நெனைக்கவும் கூடாது. ஆல்ட் எஃப்4 விண்டோவ மூடற ஷார்ட்கட், ஒட்டுக்கா அமுத்தறது, மெனுவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. எக்செல்ல ஆல்ட் என்டர் செல்லுக்குள்ள அடுத்த வரி போடும், அதும் அப்படித்தான். ஆனா பழைய அக்கவுன்டன்ட்டுங்க வேல்யூ மட்டும் பேஸ்ட் பண்ண ஆல்ட், இ, எஸ், வினு தட்டறாங்க பாருங்க, அது எக்செல் 2003 மெனுவோட எழுத்துங்க. 2007ல மெனுவுக்கு பதிலா மேல பட்டன் வரிசையா ரிப்பன் வந்து அந்த மெனுவே போயிருச்சு, ஆனா எக்செல் பழகின கைக்காக அந்த வழிய இன்னும் வெச்சிருக்குது. மத்த சாஃப்ட்வேரும் அப்படி வெச்சிருக்கும்னு நம்பிராதீங்க.

ஏன்னா அடிக்கோட்டு எழுத்து மெனுல இருக்கற வார்த்தைய புடிச்சுட்டு நிக்கறது. வெர்ஷன் மாறினாலும் மாறும், மெனு மொழி மாறினாலும் மாறும். ஷார்ட்கட் பொதுவா மாறாது, ஆனா அதையும் கண்ண மூடிட்டு நம்பக்கூடாது, ஸ்பானிஷ் வேர்டுல சேவ் பண்றது கன்ட்ரோல் ஜி, அவங்க பாஷைல அந்த வார்த்தை ஜில ஆரம்பிக்கறதால. மேக்குல ஆல்ட் எழுத்து சமாச்சாரமே கெடையாது, அங்க ஆப்ஷன் கீ கூட எழுத்த அமுத்தினா ஏதாவது விநோதமான குறிதான் விழும், மெனுவுக்கு கீபோர்டுல போகணும்னா கன்ட்ரோல் எஃப்2.

நம்மூர்ல பாதி ஆபீஸ் ஓடறது டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல, அதனால அதையும் சொல்லிடறேன். அங்க நடு மெனுல தனியா எடுத்துக் காட்டியிருக்கற எழுத்த ஆல்ட் இல்லாம சும்மா அமுத்தினாலே போதும், வலது பக்க பட்டன்ல ஒத்தக் கோடு இருந்தா ஆல்ட், ரெட்டக் கோடு இருந்தா கன்ட்ரோல். டேலில பழகின புள்ளைங்க வேற சாஃப்ட்வேருக்கு வந்து தடுமாறுறது இதனாலதான், அதுங்க மேல தப்பு இல்லீங்க.

சாஃப்ட்வேர் எழுதற தம்பிங்களுக்கு ஒன்னு. ஆம்பர்சேண்ட் (&) குறிய எந்த எழுத்துக்கு முன்னால வெக்கறீங்களோ அதுக்கு அடிக்கோடு விழும், அந்த குறியே மெனுல தெரியணும்னா ரெண்டு தடவ போடணும், இதெல்லாம் உங்களுக்கு தெரிஞ்சதுதான். ஒரே மெனுல ஒரே எழுத்து ரெண்டு எடத்துல இருக்குதான்னு மட்டும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தயவுசெஞ்சு பாருங்க. அப்பறம், மெனு பேருக்கு பக்கத்துல கன்ட்ரோல் எஸ்னு எழுதிட்டா அது வேலை செய்யும்னு விட்டுராதீங்க. அது வெறும் எழுத்துங்க. ஆக்சிலரேட்டர் டேபிள்ல, அதாவது எந்த கீக்கு எந்த வேலைன்னு புரோகிராமுக்குள்ள இருக்கற பட்டியல்ல, தனியா பதிஞ்சாத்தான் கீ வேலை செய்யும்.

எங்க ஆபீஸ் பொண்ணு விசயத்துலயும் அதான் நடந்திருக்குது. சேவ் பக்கத்துலயே கன்ட்ரோல் எஸ்னு இருக்குதே அம்மணி, அத ஏன் போடலன்னு கேட்டேன். "அது அமுத்தினா ஒன்னும் ஆகாதுங்ணா, வந்த அன்னைக்கே அமுத்தி பாத்தனுங்"னுச்சு. அமுத்தி பாத்தேன், நெசமாவே ஒன்னும் ஆகல. அடுத்த நாள் எழுதினவர கூப்பிட்டு பக்கத்துல உக்கார வெச்சு காட்டினோம். சென்ட்டுக்கு அடிக்கோட்ட என்னுக்கு மாத்தி, கன்ட்ரோல் எஸ்ஸ டேபிள்ல சேத்து குடுத்துட்டு போனாரு, அர மணி நேரங்கூட ஆகல. பொண்ணு இப்ப பத்து வரிக்கு ஒருக்கா கன்ட்ரோல் எஸ் போடுது.