மலையில் ஐ.டி. பட்டப்படிப்பு: நாங்கள் செய்யக்கூடாத தவறுகள்

ஊட்டியில் ஒரு கல்லூரியின் கணினித் துறையில் பாடம் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். படிப்பு முடிந்ததும் மலையிறங்கிக் கோவைக்கோ, முதுமலை தாண்டிப் பெங்களூருக்கோ போய்த்தான் வேலை தேட வேண்டும். அங்கே முதல் நேர்காணலில் அவர்கள் திணறினால், அதில் பெரும்பங்கு குற்றம் எங்களைப் போன்ற ஆசிரியர்களுடையது.

நிறுவனங்களுக்கு வேண்டியது புதுப்புதுப் பெயர்கள் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு இது இன்னும் கூடிவிட்டது. பாடத்தாளின் தலைப்பில் ஏ.ஐ. ஏறிவிடுகிறது, லேபிலோ சி++ மொழியில் புரோகிராம் எழுத உதவும் டர்போ சி++ நீலத்திரை அப்படியே இருக்கிறது. அது 1990களின் தொடக்கத்து மென்பொருள். சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரநிலை வந்ததே 1998-ல்தான். டர்போ அதற்கும் முந்தையது, பழைய வடிவத்தையே கற்றுத்தரும். அதனால் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ‘ஐஓஸ்ட்ரீம் டாட் எச்’ என்ற முதல் வரியே இன்றைய ஜி.சி.சி. கம்பைலரில் (நாம் எழுதும் புரோகிராமைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) பிழையாகிவிடும். தலைப்பை மாற்றுவதற்கு முன் கம்பைலரை மாற்றுங்கள். ஜி.சி.சி. இலவசம், பழைய கணினியிலும் லினக்ஸ் போட்டால் ஓடும்.

‘சிலபஸ் பல்கலைக்கழகத்துடையது, நாம் என்ன செய்ய முடியும்?’ என்று கைவிரிப்பதும் தவறு. இணைவு பெற்ற கல்லூரி தாளையோ அலகையோ மாற்ற முடியாது, சரி. ஆனால் லேபில் எந்த மென்பொருள், எந்தத் தரவு, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் என்ன கேள்வி என்பதெல்லாம் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் ‘கிட்’ (Git) மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-லிருந்து இருக்கிறது, வேலைக்குச் சேர்ந்ததுமே தேவைப்படும். அதற்குத் தனித் தாள் வேண்டாம். ரெக்கார்ட் நோட்டோடு ஒவ்வொரு பயிற்சியையும் கிட்டிலும் பதியச் சொன்னால், மூன்று வருடத்தில் கை பழகிவிடும். மழைக்காலத்தில் நெட் போனாலும் பதிவு அவரவர் கணினியிலேயே நிற்கும், லைன் வந்தபிறகு இணையத்தில் உள்ள சர்வருக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சியைச் சான்றிதழுக்காக மட்டும் முடிக்க வைப்பதும் வீண். அங்கே கற்றதை அதே பருவத்தின் லேபில் ஒருமுறையாவது பயன்படுத்த வையுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது இறுதியாண்டு புராஜெக்ட். நூலக மேலாண்மை, மாணவர் வருகைப் பதிவு என்று எங்கோ காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். நாமும் அதற்கு மதிப்பெண் போடுகிறோம். ஆனால் பிள்ளைகளின் வீட்டுக்குள்ளேயே நல்ல புராஜெக்ட் கிடக்கிறது. அம்மா பறித்துத் தொழிற்சாலைக்குப் போடும் பச்சைத் தேயிலையின் கணக்கைப் பாருங்கள். எடை தினமும் மாறும். இலை ஈரமாக இருந்தால் கொஞ்சம் கழிப்பார்கள். விலையோ மாதாமாதம் மாறும், இலை போடும் நாளில் அது தெரியாது. அப்படியானால் எடையையும் விலையையும் ஒரே அட்டவணையில் வைக்கலாமா? இடையில் வாங்கிய முன்பணத்தை எங்கே எழுதுவது? ஒருநாள் எடை தப்பாகப் பதிவானால், பழையதை அழிப்பதா, திருத்தத்தைத் தனி வரியாகச் சேர்ப்பதா? இதை யோசித்துக் கட்டிய மாணவியிடம் நேர்காணலில் ‘ஏன் இப்படி வடிவமைத்தாய்?’ என்று கேட்டால், அவளிடம் சொந்தப் பதில் இருக்கும். விலைக்கு வாங்கியவரால் அதைச் சொல்ல முடியாது.

அப்புறம், ஆலோசனையை யாரிடம் கேட்கிறோம் என்பது. பிளேஸ்மென்ட் நாளில் வரும் மனிதவள அதிகாரியிடம் கேட்டால் ‘கம்யூனிகேஷன் வேண்டும்’ என்பார். உண்மைதான், ஆனால் அதை வைத்து ஒரு பாடம் அமைக்க முடியாது. வேலைக்குப் போய் இரண்டு மூன்று வருடமான நம் பழைய மாணவர்களிடம் கேளுங்கள். படுகர் திருவிழாவான ஹெத்தை ஹப்பத்துக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருகிறவர்கள் உண்டு. ‘என்ன சொல்லித்தரலாம்?’ என்று கேட்காமல், ‘போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை என்ன செய்தாய்?’ என்று கேளுங்கள்.

நான் கேட்டபோது திரும்பத் திரும்ப வந்த பதில் ஒன்றுதான்: புதிதாக எழுதியது கொஞ்சம், யாரோ எழுதிவைத்ததைப் படித்துப் பிழை தேடியதுதான் அதிகம். எங்கள் லேபில் அதுவரை எல்லாருமே வெற்றுத் திரையிலிருந்துதான் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது பருவத்தின் முதல் வாரத்தில், இருநூறு வரி நீளமுள்ள, மூன்று இடங்களில் பழுதான ஒரு புரோகிராமைக் கொடுத்துவிடுகிறேன்.