மட்டிக் கறியில் மண் நறநறக்காமல் இருக்க

மட்டி என்னும் இரட்டை ஓட்டுச் சிப்பியை வாங்கி வந்ததும் பலர் குழாய்த் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். அங்கேயே கறி கெட்டுவிடுகிறது. பழவேற்காடு, முத்துக்காடு, வெள்ளாற்று முகத்துவாரம் என உவர்நீரில் வளரும் உயிர் இது. நல்ல தண்ணீர் பட்டால் ஓட்டை இறுக மூடிக்கொள்ளும், மணலைத் துப்பாது.

முதலில் ஓடுகளை ஒன்றோடொன்று உரசிக் கழுவுங்கள். வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடாவிட்டால் செத்தது, எறிந்துவிடுங்கள்.

லிட்டருக்கு 20 முதல் 25 கிராம் கல் உப்பு கரையுங்கள். அகலப் பாத்திரத்தில் இட்லித் தட்டை வைத்து, அதன்மேல் மட்டியை ஒரே அடுக்காகப் பரப்பி, ஓடு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். துப்பிய மணல் துளை வழியே அடியில் தங்கும், மறுபடி உள்ளே போகாது. குவித்துப் போட்டால் காற்றுப் போதாமல் சாகும். துணியால் மூடி நிழலில் மூன்று மணி நேரம் விடுங்கள். நடுவே ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஓட்டின் ஓரத்தில் இரண்டு சிறு குழல்கள் நீண்டு நீரைப் பீய்ச்சும். அது தெரிந்தால் உப்பு சரி.

அடுத்தது சேற்று மட்டி. இரு ஓடுகளையும் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். உயிருள்ளது அசையாது. சேறு நிறைந்த வெற்று ஓடு வழுக்கிப் பிரியும். இதில் ஒன்று தப்பினாலும் சட்டிக் கறி முழுதும் போச்சு!

கிலோவுக்கு அரை டம்ளர் தண்ணீர், மூடி, பெருந்தீ, நாலைந்து நிமிடம். திறந்ததும் இறக்குங்கள், பிந்தினால் சதை ரப்பர் ஆகிவிடும். திறக்காததைத் தின்னாதீர்கள். ஒரு கிலோவுக்கு நூறு கிராம் சதை தேறினாலே நல்ல மட்டி. சாற்றைத் தெளியவிட்டு, வண்டலை விட்டு மேலாக எடுத்துக் குழம்பில் சேருங்கள். அதிலேயே உப்பு இருப்பதால் கடைசியில் ருசி பார்த்துதான் உப்புப் போட வேண்டும். சின்ன வெங்காயம், மிளகு, தேங்காய் போட்டு வதக்கிய மசாலாவில் சதையை இறக்கப் போகும்போது சேர்த்துப் பிரட்டினால் போதும்.

சாக்கடை கலக்கும் இடத்திலும், கடல்நீர் நிறம் மாறியிருக்கும் நாட்களிலும் மட்டி எடுக்கவே கூடாது. நீரை நிறம் மாற்றும் நுண்பாசியின் நஞ்சு சதையில் சேர்ந்துவிடும், கொதிக்கவைத்தாலும் அழியாது. 1981-இல் தமிழ்நாட்டிலேயே மட்டி தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. தின்றபின் உதடும் நாக்கும் மரத்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓட்டை வீசாதீர்கள். காயவைத்து இடித்து முட்டைக் கோழிக்கு வைக்கலாம். காளவாயில் (சுண்ணாம்புச் சூளையில்) சுட்டால் வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் சுண்ணாம்பு. சுட்ட ஓட்டைத் தண்ணீர் சேர்த்துச் சுண்ணாம்பாக நீற்றும்போது அதன்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்; தண்ணீரில் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும்.