ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப் முடிகிறதா? கிளம்பும் முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

ஸ்டுட்கார்ட்டில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் முடித்து வீடு திரும்பியபோது என் பெட்டியில் எல்லாம் இருந்தது, வேலைச் சான்றிதழ் மட்டும் இல்லை. கடைசி வாரத்தில்தான் கேட்டேன். கேட்ட மறுநாள் மேனேஜர் மூன்று வார விடுமுறையில் போய்விட்டார். அது என் கைக்கு வந்து சேர மூன்று மாதம் ஆனது. அதற்குள் நான் விண்ணப்பித்த முதல் வேலைக்கு ஆள் எடுத்து முடித்திருந்தார்கள்.

அந்த வருத்தத்தில் எழுதுகிறேன். முதல் முறை வெளிநாடு போனவர்களுக்கு, வந்து இறங்கியதும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். கிளம்பும்போது எதை எப்போது முடிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் முக்கியமான காரியங்கள் இன்னும் தபாலில்தான் நடக்கின்றன. தபால்காரர் வீட்டு எண்ணோடு பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரையும் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயராக இருக்கும். என் பெட்டியிலும் அப்பா பெயர்தான் இருந்தது. அந்தச் சீட்டு ஒட்டியிருக்கும்வரை எந்தக் காகிதத்தையும் சுலபமாக வாங்கிவிடலாம். அதை எடுத்த பிறகு அதே காகிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அதனால் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் போடுங்கள்.

படி 1: மூன்று மாதம் முன்பு, வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

இன்டர்ன்களில் பலர் வேறொருவர் ஊரில் இல்லாத சில மாதங்களுக்கு அவர் அறையை எடுத்துத் தங்குவார்கள். இதை ட்ஸ்விஷன்மீட்டெ என்பார்கள். அப்படியென்றால் முடியும் தேதி பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இருக்கும், தனியாகக் காலி செய்யும் கடிதம் தேவையில்லை.

முடியும் தேதி இல்லாத ஒப்பந்தம் என்றால் சட்டப்படி மூன்று மாத அறிவிப்பு. ஒரு மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கடிதம் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதமும் கணக்கில் வரும். ஆகஸ்ட் 31-ல் காலி செய்ய வேண்டுமென்றால் ஜூன் மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் ஹவுஸ் ஓனர் கையில் கடிதம் இருக்க வேண்டும். மின்னஞ்சல், வாட்ஸ்அப் செல்லாது. காகிதத்தில், உங்கள் கையெழுத்தோடு. ஒருநாள் தவறினால் ஒரு மாத வாடகை கூடுதல்.

விமான டிக்கெட்டையும் இப்போதே பாருங்கள். விசா முடியும் நாளிலேயே கிளம்ப வேண்டாம். பாரிஸ் வழியாகவோ ஆம்ஸ்டர்டாம் வழியாகவோ போனால் ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதி) எல்லையைத் தாண்டும் இடம் அந்த விமான நிலையம்தான். முதல் விமானம் தாமதமானால் உங்கள் அனுமதி வழியிலேயே முடிந்துபோகலாம். இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

படி 2: எட்டு வாரம் முன்பு, சான்றிதழ் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

இந்தச் சான்றிதழுக்கு ட்சொய்க்னிஸ் என்று பெயர். அதில் இரண்டு வகை. எளிய வகையில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ன வேலை பார்த்தீர்கள் என்பது மட்டும் இருக்கும். "குவாலிஃபிட்சியர்ட்டஸ்" என்ற வகையில் உங்கள் திறமை, நடத்தை பற்றிய மதிப்பீடும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். கல்லூரிப் பாடத்திட்டத்தின் பகுதியாக இல்லாமல், நீங்களாக விரும்பிச் செய்த இன்டர்ன்ஷிப் என்றால் இது உங்கள் சட்ட உரிமை. பாடத்திட்டத்துக்காகச் செய்தவர்களும் தயங்காமல் கேட்கலாம்.

அடுத்தது வாசிக்கக் கற்றுக்கொள்வது. ஜெர்மன் சட்டப்படி சான்றிதழ் உண்மையாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும், அதே சமயம் ஒருவரின் முன்னேற்றத்துக்குத் தடையாகவும் இருக்கக் கூடாது. இதனால் எல்லாச் சான்றிதழும் மேலோட்டமாகப் பார்த்தால் பாராட்டு மாதிரியே இருக்கும். மதிப்பெண் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கிறது:

- "ஸ்டேட்ஸ் ட்சு உன்ஸரர் ஃபோல்ஸ்டன் ட்சுஃப்ரீடன்ஹைட்" (எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான திருப்தி): மிக நன்று.
- "ஸ்டேட்ஸ் ட்சு உன்ஸரர் ஃபோலன் ட்சுஃப்ரீடன்ஹைட்" (எப்போதும் முழுத் திருப்தி): நன்று.
- "ஸ்டேட்ஸ்" இல்லாமல் வெறும் "முழுத் திருப்தி": சுமார்.
- வெறும் "திருப்தி": ஒப்பேற்றினார், அவ்வளவுதான்.

"எப்போதும்" என்ற ஒரு வார்த்தை விடுபட்டால் ஒரு படி கீழே போய்விடுகிறீர்கள். "பெமியூட்" (முயற்சி செய்தார்) என்று வந்தால் முயன்றார், ஆனால் முடியவில்லை என்று பொருள். இங்கே படித்தால் அது பாராட்டாகவே தெரியும். ஜெர்மன் தெரிந்த ஹெச்.ஆர். ஒருவர் வேறு மாதிரி படிப்பார்.

கடைசிப் பத்தியையும் பாருங்கள். நல்ல சான்றிதழ் மூன்று விஷயங்களோடு முடியும்: நன்றி, நீங்கள் போவதில் வருத்தம், எதிர்காலத்துக்கு வாழ்த்து. அது முழுசாக இல்லையென்றால் படிப்பவர் ஏன் என்று யோசிப்பார்.

அதனால் முதல் வரைவை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் பட்டியலிட்டு நீங்களே மேனேஜரிடம் கொடுத்தால் அவருக்கும் உதவியாக இருக்கும். மதிப்பீடு குறைவாகத் தோன்றினால் மரியாதையோடு பேசலாம். அங்கே அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். இனிஷியலா, அப்பா பெயர் முழுசாகவா என்ற குழப்பம் நமக்கு எப்போதும் உண்டு. தேதி உங்கள் கடைசி வேலை நாளாக இருப்பது நல்லது. ஆங்கிலத்திலும் ஒரு பிரதி கேளுங்கள்.

ஹெச்.ஆருடன் பேசும்போதே மீதி விடுப்பையும் கேட்டுவிடுங்கள். விரும்பிச் செய்யும் இன்டர்ன்ஷிப்பில் வாரம் ஐந்து நாள் வேலை என்றால் ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் விடுப்பு. ஆறு மாதத்துக்குப் பத்து நாள். எடுக்க முடியாமல் போனதற்குப் பணம் தர வேண்டும். நான் கடைசி ஐந்து நாள் விடுப்பை அறை காலி செய்யும் வாரத்துக்கு வைத்துக்கொண்டேன், அது பெரிய நிம்மதி.

படி 3: நான்கு வாரம் முன்பு, ஒப்பந்தங்கள்

போன், இன்டர்நெட், ஜிம், ரயில் சீட்டு என்று மாதாமாதம் பணம் போகும் எல்லாவற்றையும் வங்கிக் கணக்கிலிருந்தே பட்டியலெடுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் ஒன்றாவது விட்டுப்போகும். 2022 ஜூலை முதல், இணையத்தில் ஒப்பந்தம் போட வைக்கும் நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே ரத்து செய்யும் பொத்தானும் வைத்திருக்க வேண்டும். நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட்டிக்கெட்டை அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் மாதக் கடைசியில் முடியும்.

வங்கிக் கணக்கை மட்டும் இப்போது மூடாதீர்கள். வாடகை அட்வான்ஸும் வரிப் பணமும் பின்னால்தான் வரும். ஆனால் வங்கியின் சரிபார்ப்பு எண் உங்கள் ஜெர்மன் சிம்முக்கு வருகிறதென்றால் அதை உடனே மாற்றுங்கள். சிம் நின்ற பிறகு கணக்கில் பணம் இருந்தும் உள்ளே போக முடியாது. வெளிநாட்டு முகவரியையும் வங்கியிடம் பதிந்துவிடுங்கள்.

வரி தாக்கல் செய்யும் எல்ஸ்டர் தளத்தில் கணக்குத் தொடங்குவதும் இப்போதுதான். அதைத் திறக்கும் குறியீடு தபாலில் வரும்.

படி 4: கடைசி வாரம், ஆப்மெல்டுங்

வந்ததும் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்திருப்பீர்கள். நாட்டை விட்டுப் போகும்போது அதை நீக்க வேண்டும். அதுதான் ஆப்மெல்டுங். வீடு காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, காலி செய்த இரண்டு வாரத்துக்குள் செய்யலாம். அதற்கும் முன்னால் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல நகரங்களில் படிவத்தைத் தபாலில் அனுப்பினாலும் ஏற்கிறார்கள். ஆனால் நேரில் போனால் உறுதிச்சீட்டு அப்போதே கையில் கிடைக்கும். அந்தச் சீட்டை ஸ்கேன் செய்து வையுங்கள், ஏனென்றால் அடுத்த எல்லாக் கதவையும் திறப்பது அதுதான்.

முதலில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். நாட்டை விட்டுப் போனதைத் தெரிவிக்காவிட்டால் காப்பீடு தொடர்வதாகவே எடுத்துக்கொண்டு கட்டணம் கேட்பார்கள்.

அடுத்து ரூண்ட்ஃபுங்க்பைட்ராக், அதாவது பொது ஒலி-ஒளிபரப்புக் கட்டணம். மாதம் 18.36 யூரோ, ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. கூட இருந்தவர் கட்டியிருந்தால் உங்களுக்கு வேலையில்லை. உங்கள் பெயரில் இருந்தால் உறுதிச்சீட்டோடு நீங்களே ரத்து செய்ய வேண்டும். நகர அலுவலகத்தில் பெயரை நீக்கியதும் இதுவும் தானாக நிற்கும் என்று நம்பி, பிறகு நிலுவைக் கடிதம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

படி 5: அலுவலகத்தில் கடைசி நாட்கள்

உங்கள் வேலையை அடுத்து எடுப்பவருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்: எந்தக் கோப்பு எங்கே, எது பாதியில் நிற்கிறது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. நிறுவனக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ள வேண்டாம். கல்லூரி அறிக்கைக்குப் படங்கள் வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அப்புறம் கேக். அங்கே போகிறவர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஆவுஸ்டாண்ட் என்று பெயர். எனக்கு அது முதலில் விநோதமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு மாதமாக வணக்கம் மட்டும் சொன்ன ஒரு பெரியவர் அன்று கால் மணி நேரம் நின்று, அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இதைத் தவறவிட வேண்டாம் என்பேன்.

படி 6: சாவி கொடுக்கும் நாள்

அட்வான்ஸ் (அங்கே கௌட்சியோன்) அதிகபட்சம் மூன்று மாத வாடகைவரை இருக்கலாம். இன்டர்னுக்கு அது பெரிய தொகை. அதைக் காப்பாற்றுவது யூபர்காபெ-புரோட்டோகோல் என்ற ஒப்படைப்புக் குறிப்பு. அறை அறையாகச் சுற்றிப் பார்த்து, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுவீர்கள். மின்சாரம், சூடேற்றி, தண்ணீர் மீட்டர் ரீடிங்கையும் கொடுத்த சாவிகளின் எண்ணிக்கையையும் அதில் எழுதச் சொல்லுங்கள். மீட்டரைப் படமும் எடுங்கள்.

என் அறைத் தரையில் ஒரு நீளக் கீறல் இருந்தது. நான் குடிவந்த அன்றே எடுத்த படத்தில் அது தெளிவாகத் தெரிந்ததால் பேச்சு அதோடு முடிந்தது. குடிவந்தபோது படம் எடுக்கவில்லையென்றால் உங்கள் பழைய வாட்ஸ்அப் படங்களில் தேடுங்கள், அம்மாவுக்கு அனுப்பிய படத்தில் தரை தெரியலாம். புரியாத குறிப்பில் கையெழுத்துப் போடாதீர்கள், ஜெர்மன் தெரிந்த நண்பரைக் கூட அழைத்துப் போங்கள்.

சுத்தம் செய்யும் நாளையும் யோசித்து வையுங்கள். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சத்தம் வரும் வேலையும் செய்யக் கூடாது. திங்கள் காலை ஒப்படைக்க வேண்டுமென்றால் சனிக்கிழமையே எல்லாம் வாங்கிவிடுங்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் என்றால் மாடிப்படியை முறைவைத்துப் பெருக்கும் கேர்வொஹெ உங்கள் பக்கம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விழுந்திருந்தால் முடித்துவிட்டுப் போங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

மீதிச் சாமான்களை அடுத்த இன்டர்னுக்குக் கொடுக்கலாம். காலி பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 8, 15 அல்லது 25 சென்ட்.

அட்வான்ஸ் அன்றே கைக்கு வராது. சூடேற்றம், தண்ணீர்க் கணக்கு பார்க்க வேண்டும் என்று சில மாதம் வைத்திருப்பார்கள். வங்கி எண்ணையும் புது முகவரியையும் எழுதிக் கொடுங்கள். பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புது முகவரிக்கு அனுப்பிவைக்க ஜெர்மன் தபால் நிறுவனமான டாய்ச்ச போஸ்ட்டில் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஏற்பாடு செய்யலாம்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

சம்பளச் சீட்டில் லோன்ஸ்டொயர் (சம்பள வரி) என்ற இடத்தில் தொகை பிடித்திருக்கிறார்களா பாருங்கள். ஒவ்வொரு மாதமும் இதே சம்பளம் பன்னிரண்டு மாதமும் வரும் என்று வைத்துத்தான் வரி பிடிப்பார்கள். நீங்கள் ஆறு மாதமே வேலை செய்திருந்தால் ஆண்டு வருமானம் வரியில்லா வரம்புக்குள் வந்துவிட வாய்ப்புண்டு. அப்படியென்றால் வரி தாக்கல் செய்து, பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2025-க்கு அந்த வரம்பு 12,096 யூரோ. அதே ஆண்டில் வேறு நாட்டில் சம்பாதித்ததையும் படிவத்தில் காட்ட வேண்டும். தானாக முன்வந்து தாக்கல் செய்பவர்களுக்கு நான்கு ஆண்டு அவகாசம் இருக்கிறது, 2025-க்கு 2029 கடைசிவரை. நிறுவனம் தரும் ஆண்டு வரிச் சான்றும், 11 இலக்க வரி எண்ணும் பத்திரமாக இருக்கட்டும்.

சீட்டில் ஓய்வூதியப் பிடித்தமும் இருந்தால் அது சம்பளத்தில் 9.3 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் இந்தியர்கள், மொத்தம் 60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டியிருந்தால், தங்கள் பங்கைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பிடித்தம் நின்று 24 மாதம் கழிந்த பிறகுதான். அந்தத் தேதியைக் கணக்கிட்டு, ஓய்வூதியக் காப்பீட்டு எண்ணோடு சேர்த்து, போன் காலண்டரில் இன்றே போட்டுவையுங்கள்.