கோலாலம்பூரில் முதியவருக்குக் குறைந்த வாடகை வீடு

முதலில் பார்க்க வேண்டியது மாநகராண்மைக் கழகத்தின் வாடகைக் குடியிருப்புகள். பிபிஆர் எனும் மக்கள் வீடமைப்புத் திட்ட வீட்டின் வாடகை மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்) தான். மனு செய்யும்போது மைகார்டு (அடையாள அட்டை), வருமானச் சான்று, திருமணச் சான்றிதழ் எல்லாவற்றின் நகலும் தயாராக இருக்கட்டும். துணையை இழந்தவர் மரணச் சான்றிதழையும் சேர்க்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர் ஊழியர் சேமநிதி அறிக்கையையோ பிள்ளைகள் தரும் பணத்தின் வங்கிக் கணக்கு விவரத்தையோ காட்டலாம்.

மனு பெரும்பாலும் சிக்குவது சின்ன விஷயங்களில்தான்: அட்டையில் பழைய முகவரி, மாறிப்போன கைப்பேசி எண். அழைப்பு வந்தும் எடுக்க ஆளில்லை என்றால் காத்திருந்ததெல்லாம் வீண். பிள்ளையின் எண்ணையும் கொடுத்து வையுங்கள்.

முட்டிவலி, சக்கர நாற்காலி என்றால் மருத்துவர் கடிதத்தோடு கீழ்த்தளம் கேளுங்கள். பதினேழாவது மாடியில் லிஃப்ட் கெட்டால் மருந்து வாங்கக்கூட இறங்க முடியாது.

சாவிப்பணம் கேட்கும் ஏஜெண்டிடம் போகாதீர்கள். வேறொருவர் பெயரில் உள்ளதை உங்களுக்கு விடும் உள்வாடகை வீட்டில் உங்கள் பெயருக்கு உரிமையே கிடையாது.

வாடகையும் கட்ட முடியாத 60 வயதைத் தாண்டியவர், சமூக நல இலாகாவில் மாதாந்தர முதியோர் உதவிக்கு மனு செய்யலாம். கவனிக்க உறவே இல்லாமல், தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிந்தவருக்கு அதே இலாகாவின் ‘ரூமா ஸ்ரீ கெனாங்கான்’ இல்லங்கள் உண்டு.